ஏரித் தண்ணீர் காரம் என்றால் அதில் வாழும் செல்லும் காரமா?

கேள்வி: பர்மா, மோல்மீன் வாசகர், மார்ச் 27

ஸ்பைருலினா வளரும் ஏரியில் பிஎச் 10 இருக்கிறதாம். அப்படியென்றால் அந்தப் பச்சைப் பொடியும் காரம்தானே? தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் உள்ள அமிலம் முறிந்துவிடும் என்று கோயிலில் யாரோ சொல்லி, எங்கள் பெரியம்மா சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டு இதைச் சாப்பிடுகிறார். சயாமா (டீச்சர்), நீங்கள் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறீர்கள். இது சரியா?

மார்ச் 27, இரவு

தம்பி, பெரியம்மாவை நாளைக் காலையிலேயே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எத்தனை நாள் மாத்திரை விட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொல்கிறபடி மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கட்டும். பாக்டீரியா கதை அதற்குப் பிறகு.

மார்ச் 28, காலை

இப்போது விஷயம். ஏரி காரம், ஆனால் அதில் மிதக்கும் செல்லின் உள்ளே அந்தக் காரம் இல்லை. உள்ளே புகுந்திருந்தால் அது செத்திருக்கும். ஸ்பைருலினாவைப் பாசி என்று சொல்கிறோம், உண்மையில் அது சயனோபாக்டீரியா. பிஎச் 9, 10 உள்ள தண்ணீரில் செழித்து வளரும். அந்தத் தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பதற்காகவே அது தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது.

பிஎச் கணக்கை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அமிலத்தன்மை தருவது புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி. ஒரு எண் ஏறினால் தண்ணீரில் உள்ள புரோட்டான் பத்தில் ஒன்றாகக் குறையும். 8-லிருந்து 10-க்குப் போனால் நூறில் ஒன்று. ஒரு மைக்ரான் நீளம், ஒரு மைக்ரான் அகலம், ஒரு மைக்ரான் உயரம் உள்ள செல்லை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே பிஎச் 8 என்றால் அதில் சும்மா திரியும் புரோட்டான் ஆறே ஆறு. பிஎச் 10 ஆகிவிட்டால் பதினாறு பதினேழு செல்களுக்குச் சேர்த்து ஒன்று. புரதங்களிலும் பாஸ்பேட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் புரோட்டான்கள் ஏராளம், அவைதான் கையிருப்பு. ஆனாலும் இந்த எண்ணிக்கையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

காரத்தில் வாழும் பாக்டீரியாக்களில் மிக நன்றாக அளந்து பார்க்கப்பட்டது பேசிலஸ் சூடோபர்மஸ் ஓஎஃப்4 என்ற பாக்டீரியா. நியூயார்க்கில் டெர்ரி குருல்விச்சும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள். வெளியே பிஎச் 7.5 என்றால் உள்ளேயும் ஏறக்குறைய 7.5. வெளியே 10.5 ஆனாலும் உள்ளே 8.2 பக்கம்தான் நிற்கிறது. இரண்டு எண்ணுக்கு மேல் வித்தியாசம். வெளியே உள்ளதைவிட இருநூறு மடங்கு புரோட்டானை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது.

மார்ச் 28, மாலை

"அப்படியென்றால் உள்ளே எப்படிப் பிடித்து வைக்கிறது, கதவைச் சாத்திக்கொள்கிறதா?" என்று பகோவிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.

சாத்த முடியாது அக்கா. சாத்தினால் சாப்பாடும் வராது. செல்லின் சவ்வில் எதிர்மாற்றிப் புரதங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் சோடியம் அயனியை வெளியே விட்டு, அதே மூச்சில் புரோட்டானை உள்ளே எடுக்கும். காரத்தில் வாழும் பேசிலஸ்களுக்கு இதில் முக்கியமானது எம்ஆர்பி என்ற எதிர்மாற்றி. மற்றவை பெரும்பாலும் ஒற்றைப் புரதம், இது ஏழு புரதங்கள் சேர்ந்த கூட்டு.

கண்டுபிடித்த விதம் அழகு. ஜப்பானில் பேசிலஸ் ஹாலோடுரன்ஸ் சி-125 என்ற பாக்டீரியாவில், மரபணு மாறியதால் காரத்தில் வளர முடியாமல் போன ஒரு மாற்றுருவை எடுத்து ஆராய்ந்தார்கள். சாதாரண பிஎச்சில் அது நன்றாக வளர்ந்தது. காரத்தில் விட்டால் உள்ளேயும் வெளியேயும் பிஎச் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. காரணம் தேடினால் எம்ஆர்பியின் முதல் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. 1994-ல் அந்த மரபணு அச்சில் வந்தது.

ஆக, பிஎச்சைக் காப்பாற்றும் வேலையும் உப்பைக் கையாளும் வேலையும் ஒரே இயந்திரத்தில் இருக்கின்றன. புத்தகங்களில் இரண்டு தனிப் பாடமாகப் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து, சேர்த்துக் கேட்டால் முழிக்கிறார்கள். எனக்கு அந்தப் பாடப் பிரிப்பு பிடிக்கவே பிடிக்காது.

மார்ச் 29

"வெளியே சோடியம் தள்ளினால் சீக்கிரம் உள்ளே சோடியம் தீர்ந்துவிடாதா?" நல்ல கேள்வி. தீர்ந்துவிடும். அதனால் தள்ளிய சோடியம் திரும்ப வர வேண்டும்.

வரும் வழிகள் மூன்று. முதலாவது சாப்பாடு: அமினோ அமிலம் போன்றவற்றை உள்ளே கொண்டுவரும் கடத்திப் புரதங்கள் சோடியத்தையும் கூடவே இழுத்து வருகின்றன. இரண்டாவது நீச்சல்: ஓஎஃப்4-ன் கசையிழையைச் சுழற்றும் மோட்டார் புரோட்டானால் ஓடவில்லை, உள்ளே பாயும் சோடியத்தால் ஓடுகிறது. நம் குடலில் உள்ள ஈ. கோலை புரோட்டானால் நீந்தும். புரோட்டான் பஞ்சமான இடத்தில் இது சோடியத்தால் நீந்துகிறது. மூன்றாவது, மின்னழுத்தத்துக்குத் திறக்கும் சோடியக் கால்வாய். 2001-ல் அதே ஹாலோடுரன்ஸில் இந்தக் கால்வாயைக் கண்டபோது பெரிய பரபரப்பு. பாக்டீரியாவில் கிடைத்த இந்த வகையின் முதல் சோடியக் கால்வாய் அது. நம் நரம்பில் சமிக்ஞை ஓடச் செய்வதும் இதே குடும்பம்தான்.

சந்தையில் ஒரே ஆயிரம் சாட் நோட்டு மீன்காரியிடமிருந்து அரிசிக்காரரிடம், அங்கிருந்து பூக்காரியிடம், சாயங்காலம் மறுபடி மீன்காரியிடமே வருமே, சோடியம் அப்படித்தான் சுற்றுகிறது.

மார்ச் 29, இரவு

மின்சாரம் போய்விட்டது. போனில் எழுதுகிறேன், சுருக்கமாக ஒன்று மட்டும்.

பொடி காரமா என்ற கேள்விக்கு இன்னொரு சாட்சி: துணி சோப்புத்தூள். கோக்கி ஹோரிகோஷி 1968-ல் காரத்தில் வாழும் பாக்டீரியாக்களைத் தேட ஆரம்பித்தார். அவை வெளியே சுரக்கும் நொதிகள் பிஎச் 10-லும் வேலை செய்தன. அதுதான் சோப்புத்தூளில் கறை எடுக்கிறது. 1987-ல் ஜப்பானில் காரச் செல்லுலேஸ் சேர்த்த தூள் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதே வகை பாக்டீரியாவின் உள்ளே வேலை செய்யும் நொதிகளை எடுத்துச் சோதித்தால் அவற்றுக்குப் பிடித்தது நடுநிலையை ஒட்டிய பிஎச், 7, 7.5. வெளியே போகிற புரதம் காரத்துக்காகச் செய்யப்பட்டது, உள்ளே இருப்பது செய்யப்படவில்லை. உள்ளே காரம் இருந்திருந்தால் இந்த வித்தியாசம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏப்ரல் 1

மாண்டலேயிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார்: "சுவாசம் நடக்கும்போது பாக்டீரியா புரோட்டானை வெளியே தள்ளுகிறது என்று படித்தோம். இங்கே உள்ளே இழுக்கிறது என்கிறீர்கள். எது சரி?"

இரண்டும் சரி. சுவாசச் சங்கிலி புரோட்டானை வெளியே தள்ளுகிறது. புரோட்டான் நேர்மின்னூட்டம் உள்ளது, அதனால் வெளியே போகப் போக உள்ளே எதிர்மின்னாகிறது. அந்த எதிர்மின் அழுத்தம்தான் எம்ஆர்பியை ஓட்டுகிறது. ஒரு சோடியம் வெளியே போனால் ஒன்றுக்கு மேற்பட்ட புரோட்டான் உள்ளே வருகிறது. அதாவது நிகரமாக நேர்மின் உள்ளே போகிறது, அதை எதிர்மின் உட்புறம் இழுக்கிறது. ஈ. கோலையில் இதே வேலையைச் செய்யும் என்எச்ஏஏ என்ற புரதத்தில் விகிதம் தெளிவாகத் தெரியும்: ஒரு சோடியத்துக்கு இரண்டு புரோட்டான். எடானா பதான் ஆயுள் முழுக்க ஆராய்ந்த புரதம் அது, 2005-ல் அதன் முப்பரிமாண வடிவம் வெளிவந்தது. பிஎச் 7-க்குக் கீழே அது ஏறக்குறைய தூங்குகிறது, 8.5-ல் முழு வேகம். பிஎச்சைத் தானே உணர்ந்து தானே விழிக்கும் புரதம்.

ஸ்பைருலினா வெயிலில் ஒளிச்சேர்க்கையின் சக்தியாலும் இருட்டில் சுவாசத்தின் சக்தியாலும் இதே மாதிரி வேலையை நடத்துகிறது.

மார்ச் 28 குறிப்பில் நான் கொடுத்த எண்கள் எல்லாம் பேசிலஸுக்கு உரியவை. ஸ்பைருலினாவுக்கு அதே தசம எண்ணை ஒட்டவைக்காதீர்கள். அதன் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கைக்கென்று தனிச் சவ்வுகள் இருக்கின்றன, அந்தப் பைகளுக்குள் பிஎச் வேறு. கொள்கை ஒன்று, கணக்கு வேறு.

ஏப்ரல் 3

பர்மாவில் ஸ்பைருலினா எடுக்கும் ட்வின் தௌங் ஏரிக்குப் போயிருக்கிறீர்களா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போயிருக்கிறேன். மோன்யுவாவில் என் கணவரின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து புத்தலின் பக்கம் போக வேண்டும். சுற்றிலும் வறண்ட காடு, பனைமரம், எள்ளுக்காடு. மலை என்று ஏறினால் விளிம்பு வந்ததும் நிலம் உள்ளே இறங்குகிறது. எரிமலை வாய். அடியில் வட்டமாகப் பச்சைத் தண்ணீர்.

கரையில் குனிந்து விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. காரம் தோலில் உள்ள எண்ணெயைக் கொஞ்சம் சோப்பாக்குவதால் வரும் வழவழப்பு அது. எங்கள் ஆயா ஊரில் வண்ணார்கள் உவர்மண் போட்டு வெளுப்பார்கள் என்று சொல்வார், அதே வேதியியல். பிள்ளைகளுக்காகக் கொண்டுபோன பிஎச் தாளை நனைத்தேன், நல்ல காரப்பக்கம் காட்டியது. என் மைத்துனர் பையன் அந்தத் தாளை இன்னும் புத்தகத்தில் வைத்திருக்கிறான்.

1988-லிருந்து அந்த ஏரியில் ஸ்பைருலினா எடுக்கிறார்கள். 1999 வாக்கில் ஆண்டுக்கு நூறு டன் வரை போனது. கோடையில் மேலே தடித்த படலமாக மிதக்கும்போது படகில் போய் வாளியில் அள்ளுவார்கள். கரையோரத் தொட்டிகளிலும் வளர்ப்பார்கள். அள்ளியதைச் சாய்வான வடிகட்டியில் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, பிழிந்து, இடியாப்பம் மாதிரி இழையாக்கி, பிளாஸ்டிக் விரிப்பில் வெயிலில் காய வைப்பார்கள். அதை மாத்திரையாக்குவது யாங்கோனில். அந்தப் பக்கம் இப்படி நாலு ஏரிகள் உண்டு, ட்வின் தௌங் அதில் ஒன்று.

இந்த ஏரி ஏன் சோடா (சோடியம் கார்பனேட்) ஏரியானது, கடல் மாதிரி வெறும் உப்பு ஏரியாகவில்லை? எரிமலைப் பாறை கரைந்து சோடியமும் பைகார்பனேட்டும் வருகின்றன. மத்திய பர்மாவில் மழை குறைவு, ஆவியாதல் அதிகம். கால்சியம் முதலில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அது தீர்ந்தபின் மிச்சமுள்ள கார்பனேட்டுக்குத் துணை சோடியம்தான். கால்சியம் நிறைய இருக்கும் ஊரில் சோடா ஏரி உருவாகாது.

ஏப்ரல் 4

உப்பின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். தண்ணீரில் உப்பும் சோடாவும் கூடினால் செல்லிலிருந்து தண்ணீர் வெளியே உறிஞ்சப்படும். பிஎச்சைக் காப்பாற்றிய செல் வற்றிச் சாகலாம். அதற்குச் செல் உள்ளே வேறு ஏதாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். சோடியத்தையே சேர்க்க முடியாது, புரதங்களுக்கு ஆகாது. ஸ்பைருலினா குளுக்கோசில்கிளிசரால், ட்ரெஹலோஸ் என்ற இரண்டு சர்க்கரை வகைப் பொருள்களைச் செய்து நிரப்பிக்கொள்கிறது. வேறு பல பாக்டீரியாக்கள் பீட்டெய்ன் வைத்துக்கொள்ளும். எக்டோயின் என்ற பொருள் 1985-ல் முதன்முதலில் தெரியவந்ததே ஒரு சோடா ஏரி பாக்டீரியாவில்தான். இன்று முகக் க்ரீமில் அதைப் போட்டு விற்கிறார்கள். உப்பு விரும்பும் சில ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா மாதிரியான வேறொரு நுண்ணுயிர்க் குழு) மட்டும் துணிந்து பொட்டாசியத்தையே கட்டுக்கட்டாக உள்ளே அடுக்கும். அவற்றின் புரதங்களும் அதற்கேற்றபடி மாறியிருக்கும்.

செல்சுவரும் சும்மா இல்லை. காரம் விரும்பும் பேசிலஸ்களின் சுவரில் அமிலத் தன்மையுள்ள பாலிமர்கள் நிறைய. எதிர்மின்னூட்டம் உள்ள அந்த அடுக்கு ஹைட்ராக்சைடைத் தள்ளி, சோடியத்தையும் புரோட்டானையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள உதவும்.

ஏப்ரல் 6

தௌஞ்சியிலிருந்து ஒருவர்: "எங்கள் ஷான் பேபொக்கில் அம்மோனியா வாசனை வருகிறதே, அதுவும் காரம்தானே?"

ஆமாம், ஆமாம்! இதை நானே சொல்லியிருக்க வேண்டும், வீட்டில் வாரம் தவறாமல் வறுக்கிறோம். அவித்த சோயாவைப் பேசிலஸ் சப்டிலிஸ் புளிக்க வைக்கும்போது புரதம் உடைந்து அம்மோனியா வரும், பிஎச் 8 பக்கம் ஏறும். சப்டிலிஸ் உண்மையான கார விரும்பி இல்லை, சமாளிக்கிற வகை. எம்ஆர்பி அதனிடமும் உண்டு. இன்னொரு புரதமும் அதற்குக் கைகொடுக்கிறது, டெட்எல் என்று பெயர். அது டெட்ராசைக்ளின் மருந்தை வெளியே துப்பும் புரதம். அதே வாயால் சோடியத்தையும் வெளியே விட்டுப் புரோட்டானை உள்ளே எடுக்கிறது.

நம் ஊர்ப் புளித்த மாவு, தயிர் எல்லாம் அமிலப் பக்கம். பேபொக் காரப் பக்கம். ஒரே அடுப்படியில் இரண்டும் இருப்பது பர்மாத் தமிழர் வீட்டில்தான் என்று சொன்னால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 9

முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். பெரியம்மா மாத்திரை ஆரம்பித்துவிட்டார் என்று தம்பி எழுதியிருக்கிறார். சந்தோஷம்.

ஆனால் கீழே இன்னொருவர், "உள்ளே காரம் இல்லாவிட்டால் என்ன, ஏரி சோடா ஒட்டியிருக்குமே, அது ரத்தத்தைக் காரமாக்காதா?" என்கிறார். கழுவிய பொடியில் ஒட்டியிருப்பது கொஞ்சம். இரைப்பை அமிலம் பிஎச் 2-ஐ ஒட்டியது, அங்கேயே முடிந்துவிடும். அதையும் தாண்டினால் ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. சிறுநீரகக் குழாயின் செல்களில் இருப்பதும் சோடியம்–புரோட்டான் மாற்றிதான்! திசை மட்டும் தலைகீழ்: சோடியம் உள்ளே, புரோட்டான் வெளியே. சோடா ஏரியில் பாக்டீரியா அமிலத்தைச் சேமிக்கச் செய்வதை, நம் சிறுநீரகம் அமிலத்தைக் கழிக்கச் செய்கிறது.

கார உணவு, காரத் தண்ணீர் என்று விற்பவர்கள் இந்த இயந்திரத்தை ஒருமுறை பார்த்திருந்தால் அப்படிப் பேச மனம் வராது. சர்க்கரை நோயாளி மாத்திரையை நிறுத்துவது விளையாட்டு இல்லை. நம் கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் இது காதோடு காதாகப் பரவுகிறது. கேட்கும்போதே மறுத்துச் சொல்லுங்கள், பெரியவர் என்று தயங்காதீர்கள்.

ஸ்பைருலினா கெட்டது என்று நான் சொல்லவில்லை. காய்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். சாப்பாடாக நினைத்துச் சாப்பிடலாம்.

ஏப்ரல் 12

திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) கூட்டம் தெருவில் ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் வீச்சில் வாசல் நனைகிறது. சித்திரை ஒன்றுக்கு மாங்காய்ப் பச்சடி வேலை வேறு. நடுவில் இதை மட்டும் எழுதிவிடுகிறேன், மாண்டலே மாணவர் விடாமல் கேட்கிறார்: "உள்ளே புரோட்டான் அதிகம், வெளியே குறைவு. பிறகு ஏடிபி செய்யும் புரதத்துக்குள் புரோட்டான் வெளியிலிருந்து உள்ளே எப்படிப் பாயும்?"

இந்தத் துறையையே பல ஆண்டுகள் தூங்கவிடாத கேள்வி இது. ஏடிபி என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் சக்திப் பொருள், அதைச் செய்யும் புரதம் ஏடிபி சின்தேஸ். புரோட்டான் சரிவால் ஏடிபி உண்டாகிறது என்று 1961-ல் பீட்டர் மிட்செல் சொன்னார், 1978-ல் நோபல் பெற்றார். கார விரும்பிகளில் பிஎச் சரிவு எதிர்த்திசையில் இருக்கிறது, மின்னழுத்தம் மட்டும்தான் உதவுகிறது. மொத்த விசை சின்னது. சோடியத்தால் ஓடுகிறதோ என்று எதிர்பார்த்தார்கள், ஆனால் ஓஎஃப்4-ன் ஏடிபி சின்தேஸ் புரோட்டானால்தான் ஓடுகிறது. அதன் சுழலும் வளையத்தில் 13 துண்டுகள், ஈ. கோலையில் 10. ஒரு துண்டுக்கு ஒரு புரோட்டான். ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபிதான், அதற்கு அதிகப் புரோட்டான் விட்டால் குறைந்த விசையிலும் சுற்றும். வளையத்தின் அமினோ அமில வரிசையும் சாதாரணமானதில்லை, அதை மாற்றினால் காரத்தில் வளர்ச்சி கெடுகிறது. அதோடு, சுவாசச் சங்கிலி வெளியே விட்ட புரோட்டான் ஏரித் தண்ணீரில் கலந்து தொலைவதற்குள் சவ்வின் மேற்பரப்பு வழியாகவே பக்கத்து ஏடிபி சின்தேஸைப் போய்ச் சேர்கிறது என்ற விளக்கமும் உண்டு. எனக்கு அதுதான் மனதுக்கு ஒப்புகிறது.

ஏப்ரல் 19

பகோ அக்கா வீட்டுத் தொட்டியில் ஸ்பைருலினா வளர்க்கிறார். கணவருக்கு ரத்தக்கொதிப்பு, அதனால் சமையல் சோடாவுக்குப் பதில் பொட்டாசியம் பைகார்பனேட் போட்டாராம். பச்சை மஞ்சளாகி, பிறகு கலங்கி நாறிவிட்டது என்கிறார்.

அக்கா, அதைக் கொட்டிவிடுங்கள், சாப்பிட வேண்டாம். சோடியம் இல்லாத காரத்தில் ஸ்பைருலினா வேகமாகச் செத்துப்போகும் என்பதை 1996-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள், பொட்டாசியம் ஈடாகாது. மேலே எழுதியதையெல்லாம் நினைத்துப் பாருங்கள், வெளியே தள்ளித் திரும்ப இழுக்கச் சோடியம் இல்லாவிட்டால் அதன் வேலை எதுவும் நடக்காது.

ரத்தக்கொதிப்புக்காகப் பயப்பட வேண்டிய இடமும் இது இல்லை. காய்ந்த ஸ்பைருலினா 100 கிராமில் சோடியம் ஏறக்குறைய 1 கிராம். நாளைக்கு 3 கிராம் பொடி என்றால் 30 மில்லிகிராம்தான். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள், அதை ஙாப்பியும் (உப்பிட்டுப் புளித்த மீன் விழுது) மீன் சாறும் எவ்வளவு தின்கின்றன என்று பாருங்கள். குறைக்க வேண்டியது அங்கே.

புதுத் தொட்டிக்கு: ஒரு லிட்டருக்குச் சமையல் சோடா 16.8 கிராம், சாதாரண உப்பு 1 கிராம் என்பது ஆய்வுக்கூட அளவு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தனியாக வேண்டும். கலந்ததும் பிஎச் 8 சொச்சம் இருக்கும், வளர வளர பைகார்பனேட்டைத் தின்று அதுவே 10-க்கு ஏற்றிவிடும், நீங்கள் எதுவும் போட்டு ஏற்ற வேண்டாம். விதைப் பாசி நம்பகமான இடத்தில் வாங்குங்கள், நச்சு உண்டாக்கும் வேறு சயனோபாக்டீரியா கலந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அறுவடை செய்ததும் மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் சட்டென்று அலசிப் பிழியுங்கள். ஊற வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரிலிருந்து வந்த செல் நல்ல தண்ணீரில் கிடந்தால் ஊதி வெடித்து சத்தெல்லாம் வடிந்துவிடும். அன்றைக்கே காய வைத்துவிடுங்கள்.